குளத்துக்கு லீவு இல்லை

திருப்பூருக்கு யார் யாரோ வந்து இறங்குகிறார்கள், மூட்டையோடு வருகிறார்கள், மூட்டையே இல்லாமல் வருகிறார்கள், நான் மட்டும்தான் வருகிறேன் என்று போனில் சொன்னவன் மச்சினனையும் மச்சினனுக்கு மச்சினனையும் கூட்டிக்கொண்டு வருகிறான், ஸ்டேஷனில் இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வேலையும் கிடைத்துவிடுகிறது, அதனால் ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பால்காரர் போன பிறகு தண்ணி லாரி வருவதற்கு முன்னால், மாராத்தாளின் லைன் வீட்டுக் கேட்டுக்கு எதிரில் பீகாரிலிருந்து ஒரு குளம் வந்து நின்றபோது அந்தத் தெருவில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை.

பெரிய குளம் என்று சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்துப் பந்தி ஹால் அளவு இருக்கும். ஒரு பக்கம் செங்கல் படிக்கட்டு, காரை பெயர்ந்தது. ஓரத்தில் கொஞ்சம் ஆகாயத்தாமரை. நடுவில் ஒரு எருமை. எருமைக்குத் திருப்பூர் வருகிற எண்ணமே கிடையாது, அது பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருந்தது, குளம் கிளம்பியபோது கரையேற நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். குளம் அன்ரிசர்வ்டு பெட்டியில் கக்கூஸ் ஓரமாக நின்றுகொண்டே வந்ததாம். டிக்கெட் எடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை, அந்தப் பெட்டிக்குள் டி.டி.ஆர். நுழைந்து ரொம்ப வருசமாகிறது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறது, மழைத்தண்ணியில் நடக்கிற பொம்பளை சேலையைத் தூக்கிப் பிடிப்பதுபோலக் கரையை நாலு பக்கமும் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

மாராத்தாள் விளக்குமாறும் கையுமாக வெளியே வந்தாள். புருஷன் வாடகைக்கு விட வரிசையாகக் கட்டிப் போட்டுவிட்டுச் செத்துப்போன லைன் வீடுகளை ஒத்தை ஆளாக வைத்து மேய்க்கிறவள். அவளிடம் ஒரே சட்டம்தான். காம்பவுண்டுக்குள் எவனும் சும்மா இருக்கக் கூடாது. வேலை இருக்கிறவனுக்கு வீடு, வேலை இல்லாதவனுக்கு ரோடு. காய்ச்சல் என்று ஒருத்தன் படுத்தால் ஜன்னலைத் தட்டி, "படுத்தாப் போயிருமாடா காச்சல்? எந்திரிச்சுக் கம்பெனிக்குப் போ, அங்க போனா அது தன்னால ஓடிரும்" என்பாள். பெற்ற மகன் சென்னியப்பனையும் அவள் விட்டுவைக்கவில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வீட்டுக் கிணற்றில் நாளெல்லாம் தொபுக்கடீர் தொபுக்கடீர் என்று குதித்துக்கொண்டிருந்த பையனை, காது கிழியக் கத்திக் கத்தி ஷார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காக ஏற்றி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை தோறும் அவன் கூப்பிடுவான். அவள் ஹலோகூடச் சொல்ல மாட்டாள்.

"வேலைக்குப் போனியாடா?"

"இன்னிக்கு லீவும்மா."

"லீவுன்னா? சும்மா உக்காந்திருக்கியா?"

அவள் காம்பவுண்டில் சும்மா இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கிணறு. தண்ணி இருந்தது, ஆனால் மகன் போன பிறகு எந்த வாளிக்கும் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது, கம்பி வலை போட்டு மூடி வைத்திருந்தாள். போகும்போதும் வரும்போதும், "சோம்பேறிக் கிணறு, நீ மட்டும் ஆளா இருந்தா எப்பவோ காலி பண்ணச் சொல்லியிருப்பேன்" என்று அதையும் ஒரு பாட்டம் திட்டுவாள். கிணறு வாங்கி வைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவள் குளத்தை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு, புதிதாக வருகிற எல்லோரையும் பார்த்துக் கேட்பதையே கேட்டாள்.

"யாரு ஊட்டுக்கு வந்திருக்குது?"

கடைசி வீட்டு சுகியா வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், அப்படியே முதல் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சுகியா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அவள் புருஷன் ராம்பிரவேஷ் சாயப்பட்டறையில் வேலை, மகள் முனியா இங்கேயே பிறந்து கொங்குத் தமிழில் சண்டை போடுகிற ஒன்றாம் கிளாஸ்காரி.

"எங்க ஊட்டுக்குத்தான் அக்கா. எங்க ஊர்க் குளம்."

"வர்றவங்க ஒரு போன் பண்ணிட்டு வர்றதில்லையா? எத்தன நாளைக்கு?"

"தெரியாது அக்கா."

"எதுக்கு வந்திருக்குது?"

சுகியா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். முனியா பிறந்தபோது பிழைக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுகியா சூரியனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால், தீபாவளி கழிந்து வருகிற சட் பண்டிகையில், சொட்டுத் தண்ணி பல்லில் படாமல் விரதம் இருந்து, ஊர்க் குளத்தில் இடுப்பளவு நின்று, சாயங்காலம் இறங்குகிற சூரியனுக்கும் விடிகாலை ஏறுகிற சூரியனுக்கும் முறத்தில் பழம் வைத்துக் காட்டுகிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டது. டிக்கெட்தான் கிடைக்கவில்லை. புக்கிங் திறந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் ரயில் நிரம்பிவிடும், வெயிட்டிங் லிஸ்டில் போட்டால் அது கடைசிவரை வெயிட்டிங்கிலேயே இருக்கும். ஒவ்வொரு வருசமும் போனில் மாமியாரிடம், அடுத்த வருசம் கண்டிப்பாக என்று சொல்லிச் சொல்லி, அந்தப் போனை மாமியார் குளத்தங்கரையில் நின்றே பேசுவாள் என்பதால், குளமும் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்க வேண்டும்.

"நாங்க போகலைன்னு அதுவே வந்துட்டுது அக்கா."

மாராத்தாளுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

"சட்டுக்கு இன்னும் நாள் கெடக்குதே. அதுவரைக்கும் இது இங்க சும்மாவா உக்காந்திருக்கும்?"

சுகியா விழித்தாள்.

"என்ன வேலை தெரியும் அதுக்கு?"

"குளம் அக்கா. எல்லாரும் துணி தொவைப்பாங்க."

"அதான பாத்தேன். சாயப்பட்டறைக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச ஆளு" என்றாள் மாராத்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த எருமை பால் கொடுக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். கொடுக்கும் என்றார்கள். அப்போது அது வேலையில் இருப்பதாகத்தான் கணக்கு, பக்கத்துக் காலி இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானமே குளம் வேலையில் சேர்ந்தது.

ராம்பிரவேஷ் வேலை பார்த்த அதே பட்டறை. மேனேஜர் முத்துரத்தினம் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். கை விட்டுப் பார்த்தார். "உப்பு இல்ல. நல்ல தண்ணி" என்றார். மாராத்தாள், "பாத்துக்குங்க, நம்ம ஊட்டு ஆளு. சும்மா மட்டும் உட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயம் முக்கிய துணியை அலசிக் கொடுக்கிற வேலை, முதலில் ஹெல்பராகத்தான் போட்டார்கள், யாரானாலும் பட்டறையில் அதுதான் வழக்கம். ஒரே ஒரு சிக்கல், கைரேகை மிஷின். குளத்துக்குக் கட்டைவிரல் இல்லை. அதில் ஒரு கிழட்டு விரால் மீன் இருந்தது, குளத்தைவிட வயசு கூட என்று ராம்பிரவேஷ் சொன்னான், அதைப் பிடித்து அதன் வாயை மிஷினில் அழுத்தினார்கள், மிஷின் "தேங்க் யூ" என்றது. அதோடு அது தீர்ந்தது. காலையில் விரால் வந்து ஒரு முத்தம், சாயங்காலம் போகும்போது ஒரு முத்தம்.

தெருவும் சீக்கிரம் பழகிக்கொண்டது. கொசு ஒழிப்புக்கு வருகிற அம்மா மாடி டேங்க்கில் மருந்து ஊற்றிவிட்டுக் குளத்திலும் நாலு சொட்டு ஊற்றி, சுவரில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனாள். வேலை முடிந்து வருகிற குளத்தைப் பார்த்து, இன்றைக்கு எந்தக் கலர் ஓடுகிறது என்று ஊரே தெரிந்துகொண்டது. ஒரு நாள் பச்சையாக வரும், ஒரு நாள் நேவி ப்ளூவாக வரும், மஞ்சளாக வந்த அன்று பிள்ளைகள் பயந்துபோய், குளத்துக்கு மஞ்சக்காமாலை, கீழாநெல்லி அரைத்து ஊற்ற வேண்டும் என்று ஒரு தூக்குப்போசி நிறைய அரைத்து ஊற்றியும் விட்டார்கள்.

முணுமுணுக்கவும் ஆள் இருந்தது. தெருமுனை நஞ்சப்பன் டீக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே பேப்பரைப் படிக்கிற கூட்டம் ஒன்று உண்டு.

"வடக்க இருந்து ஆளுக வந்தாங்க, செரி. இப்பக் குளமும் வருதா? நம்மூர்க் குளத்துக்கெல்லாம் வேலை இல்லாமப் போச்சு பாத்துக்க" என்றான் ஒருத்தன்.

அந்த வழியாகப் போன மாராத்தாள் நின்றாள். "நம்மூர்க் குளத்துக்கா வேலை இல்ல? அது எப்பவோ பஸ் ஸ்டேண்டா வேலைக்குச் சேந்துருச்சு. உனக்குத்தான் இன்னும் ஒண்ணும் அமையல. உக்காந்து உக்காந்து அந்த பெஞ்சு தேஞ்சுபோச்சு, எந்திரிடா."

ஊரிலிருந்து மாமியார்தான் போன் மேல் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு முனியா மாராத்தாளுக்கு மொழிபெயர்ப்பாள். "குளம் இருந்த எடத்துல பெரிய பள்ளமா கெடக்குதாம். ஊர்த் தலைவர் வந்து வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாராம். குளம் போனாப் போகுது, எருமைய அனுப்பச் சொல்றாங்க எங்க ஆத்தா."

"எருமை நல்லாருக்குன்னு சொல்லு."

"பால் எவ்வளவு கறக்குதுன்னு கேக்குறாங்க."

"கட் பண்ணு" என்றாள் மாராத்தாள்.

புரட்டாசி போனது. குளத்துக்கு டபுள் ஷிப்ட் போட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆர்டர் வருகிற காலம், பட்டறையில் எல்லோருக்கும் டபுள் ஷிப்ட், குளம் மட்டும் மாட்டேன் என்று சொல்ல அதற்கு என்ன வாய் இருக்கிறது? வர வர அது இளைத்தது. வந்தபோது தண்ணிக்குள் முங்கிக் கிடந்த படிகளெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தன, சாப்பிடாத ஆளுக்குக் கழுத்தெலும்பு தெரிகிற மாதிரி. ஆகாயத்தாமரை கருகிப்போனது. சாயங்காலம் காலி இடத்துக்கு வந்து சேர்ந்ததும் கரையைக்கூடச் சரியாக இறக்கி வைக்காமல் அப்படியே சாய்ந்துவிடும். எருமை பக்கத்தில் போய் மோந்து பார்க்கும், பார்த்துவிட்டு இறங்காமல் திரும்பிவிடும்.

"அது களைச்சுப்போச்சு அக்கா" என்றாள் சுகியா.

"வேலைன்னா களைக்காதா? நானும் பாரு, முட்டி நோகுது. சொன்னனா?" என்றாள் மாராத்தாள். சொன்னாளே தவிர, அன்று கிணற்றைத் திட்டாமல் தாண்டிப் போனாள்.

தீபாவளி வந்தது. தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகும், ஒரு மிஷின் ஓடாது, ரோட்டில் நாய்கள் நடுவில் படுத்துத் தூங்கும். இந்த வருசமும் சுகியாவின் டிக்கெட் வெயிட்டிங்கிலேயே நின்றது, அவள் கவலைப்படவில்லை, குளம்தான் இங்கே இருக்கிறதே. ஆனால் முத்துரத்தினத்துக்கு ஒரு பயம் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற வடக்கத்தி ஆட்கள் சில பேர் திரும்புவதில்லை. அதனால் அவர் பண்டிகைக்கு முன்னாலேயே எல்லோருடைய ஆதார் கார்டையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி டிராயரில் பூட்டிவிடுவார். குளத்துக்கு ஆதார் இல்லை. எனவே அந்த விரால் மீனைப் பிடித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டார். பட்டறை திறந்ததும் குளம் ராவும் பகலும் அங்கேயே கிடந்தது. அதன் ஆள் அங்கே பாட்டிலில் இருக்கும்போது அது எங்கே போகும்?

சுகியா விரதத்தை ஆரம்பித்தாள். முதல் நாள் பூசணிக்காயும் சோறும். மறுநாள் பகலெல்லாம் பட்டினி கிடந்து சாயங்காலம் வெல்லப் பாயசம், அதோடு வாயைக் கட்டியாகிவிட்டது, இனிமேல் விடிகாலைச் சூரியனைக் குளத்தில் நின்று பார்க்கிறவரை சொட்டுத் தண்ணி கிடையாது. கோதுமையும் வெல்லமும் பிசைந்து தேகுவா சுட்டாள், மாராத்தாள் அதைக் கோதுமை அதிரசம் என்பாள். முறம், கரும்பு, வாழைத்தார், தேங்காய், எல்லாம் தயார். குளத்தைத் தவிர.

ராம்பிரவேஷ் மேனேஜரிடம் போய்க் கேட்டுவிட்டு முகம் தொங்க வந்தான். "லீவு இல்லயாம். ஷிப்மெண்ட் போன பொறவுதானாம்."

மத்தியானம் சுகியா மாராத்தாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, நீங்க சொன்னா உடுவாங்க."

"நானென்ன முதலாளியா? நாளைக்குக் கும்பிட்டா என்ன? உங்க சாமி ஒரு நாள் பொறுக்காதா?"

"சாமி பொறுக்கும் அக்கா. சூரியன் நிக்குமா? ஆறு மணிக்கு முன்னாடி போயிரும்."

"நொய்யல் ஆத்துல போய் நில்லு."

"அதுல நொரை வருது அக்கா. நான் அதுக்கா வேண்டுனேன்? இந்தக் குளத்துக்குத்தான வேண்டுனேன்." சுகியாவின் குரல் காய்ந்து போயிருந்தது. "குளத்துல நிக்காம நான் தண்ணி குடிக்க முடியாது. குடிச்சா வேண்டுதல் போச்சு. புள்ள மேல வேண்டுனது அக்கா." பிறகு கோபமில்லாமல், விலாசம் சொல்வது மாதிரி சொன்னாள்: "அது எங்களைப் பாக்கத்தான் வந்துச்சு. நீங்கதான வேலைல சேத்து உட்டீங்க."

மாராத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

பட்டறையில் குளம் ரோஸாகக் கிடந்தது. பேபி பிங்க், ஜெர்மனிக்குப் போகிற குழந்தைச் சட்டைகள். தண்ணி முழங்கால் உயரம்கூடத் தேறுமா என்று இருந்தது, அதில் துணி மூட்டை மூட்டையாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"முத்துரத்தினம், குளத்தை அனுப்பி வைங்க. பொழுது எறங்குது."

"அக்கா, ஜெர்மனிக்காரன் மண்டைய ஒடைக்கிறான். இன்னிக்குக் குளத்துக்கு லீவு குடுத்தா நாளைக்கு பாய்லர் வந்து நிக்கும், எனக்கும் ஊர்ல திருவிழான்னு."

"ஒரு ராத்திரி, ஒரு காலை. அவ்வளவுதான்."

"நீங்களா பேசுறது?" முத்துரத்தினம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். குளம் ரயிலேறி வந்ததற்கு அவர் இவ்வளவு ஆச்சரியப்படவில்லை. "நீங்கதானக்கா கொண்டாந்து உட்டு, சும்மா மட்டும் உட்றாதீங்கன்னு சொன்னீங்க. நானும் இன்னிவரைக்கும் உடலையே."

அதுதான் அவளைச் சுட்டது. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். அவள் மேஜையைப் பார்த்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விரால் உடம்பை வளைத்துக்கொண்டு, கண்ணாடியில் வாயை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது, எங்கேயாவது தேங்க் யூ சொல்வார்களா என்று பார்ப்பது மாதிரி.

மாராத்தாள் பாட்டிலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், குடம் வைப்பதுபோல. வெளியே நடந்தாள்.

"அக்கா! அக்கா, அது குளத்தோட ஐ.டி. ப்ரூஃப்!"

"அதான் ஆளுகிட்டயே குடுக்கப் போறேன்."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது, நூறு பேர் ஒரே நேரத்தில் ஈரத்துணி பிழிகிற சத்தம். குளம் எழுந்துவிட்டது. துணிகளை உதறிப் போட்டுவிட்டு, நாலு பக்கமும் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரால் போகிற வழியில் அதுவும் கிளம்பியது. செக்யூரிட்டி கேட்டைச் சாத்தலாமா என்று யோசித்தார், குளத்தை எப்படிச் சாத்துவது என்று தெரியாமல் சல்யூட் வைத்துவிட்டார்.

மெயின் ரோட்டில் மாராத்தாள் முன்னால், ரோஸ் குளம் பின்னால், அதற்குப் பின்னால் கையில் செருப்போடு ராம்பிரவேஷ். சிக்னலில் டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடித்ததற்கு கண்டக்டர், "யோவ், குளம் போகட்டும்யா, அப்பறம் எடு" என்று கத்தினார். ஒரு குழந்தைச் சட்டை மட்டும் கரையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. சூரியன் பனியன் கம்பெனிகளின் தகரக் கூரைமேல் உட்கார்ந்துவிட்டது. மாராத்தாள் முட்டி வலியோடு ஓடினாள், வாழ்நாளில் எந்த வேலைக்கும் இப்படி ஓடியிருக்க மாட்டாள்.

காலி இடத்தில் சுகியா நின்றுகொண்டிருந்தாள், மூக்கு நுனியிலிருந்து வகிடுவரை ஆரஞ்சுக் குங்குமம் இழுத்து, கையில் முறத்தோடு. குளம் வந்து கரையை இறக்கி வைத்தது. மாராத்தாள் பாட்டிலைத் திறந்து விராலை விட்டாள்.

சுகியா தண்ணியைப் பார்த்தாள். பளபளவென்று ரோஸ்.

"கழுவுனா போயிரும்" என்றாள் மாராத்தாள், முதல் முறையாகக் குரல் இறங்கி.

"போகாது அக்கா" என்றான் ராம்பிரவேஷ், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஃபாஸ்ட் கலர். நானே கேரண்டி."

சுகியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உதடு மறுபடி வெடித்தது. இறங்கினாள். தண்ணி முழங்காலுக்குத்தான் இருந்தது, இடுப்பளவுக்கு அவள் மண்டி போட வேண்டியிருந்தது, அவளோடு லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இறங்கி மண்டி போட்டார்கள், ஆள் இறங்க இறங்கத் தண்ணி மெல்ல ஏறி எல்லோருக்கும் இடுப்புக்கு வந்துவிட்டது. முனியா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஞ்சப்பன் பெண்டாட்டி ஒரு கரும்பைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனாள். சூரியன் ரோஸ் தண்ணிக்குள் இறங்கியபோது எது சூரியன் எது தண்ணி என்று தெரியவில்லை, சுகியா முறத்தை ரெண்டுக்கும் பொதுவாகத் தூக்கிக் காட்டினாள்.

மாராத்தாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி தாங்கவில்லை, அதனால் உட்கார்ந்தாள். காலைத் தண்ணிக்குள் விட்டாள். பிறகு எழுந்திருக்கவில்லை. கையில் விளக்குமாறு இல்லை, அரிசி முறம் இல்லை, போன் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. சும்மா இருந்தாள்.

நஞ்சப்பன்தான் முதலில் பார்த்தார். டீக்கடைக்கு ஓடிப்போய், "டேய், மாராத்தாக்கா சும்மா உக்காந்திருக்குது" என்றார். ஒருத்தரும் நம்பவில்லை. பேப்பர்க்காரர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார்கள், அடுத்த தெருவிலிருந்து வந்தார்கள், சொந்தக்காரர்களுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள், ஒரு குளம் ரயிலேறி வந்து வேலை பார்த்ததற்கு வராத கூட்டம் அன்றைக்கு அந்தக் காலி இடத்தில் கூடியது, எல்லோரும் தூரத்திலேயே நின்று பார்த்தார்கள், கிட்டப் போனால் எழுந்து ஏதாவது வேலை சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்.

விடிந்தது. ஏறுகிற சூரியனுக்கும் காட்டியாயிற்று. சுகியா ஒரு துண்டு இஞ்சியைக் கடித்து, ஒரு சொம்புத் தண்ணியை மூச்சுவிடாமல் குடித்தாள். பெண்கள் எல்லோரும் இடுப்புக்குக் கீழே ரோஸாக இருந்தார்கள், ஒரு வாரத்துக்கு அப்படியே இருந்தார்கள், கம்பெனியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அந்த ஊரில் கை கால் கலர் மாறுவது புதிசில்லை.

பிறகு சுகியா குளத்திடம் அவள் மொழியில் ஏதோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றாள் மாராத்தாள்.

முனியா சொன்னாள்: "நீ ஊருக்குப் போ. நான்தான் மாட்டிக்கிட்டேன், நீயாவது ஊர்ல இரு. அடுத்த வருசம் டிக்கெட் கெடைக்கலைன்னா நின்னுக்கிட்டாவது வந்தர்றேன். அப்பறம், எருமைய மறக்காமக் கூட்டிட்டுப் போ, இல்லைன்னா ஆத்தா என்னைக் கொன்னுபோடுவாங்க."

மாராத்தாள் வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். குளத்துக்கு எதற்குப் புளிச்சோறு என்று யாரும் கேட்கவில்லை. சிக்கனமாக வைத்துச் சாப்பிடு என்று சொல்லவந்தவள், சொல்லாமல் விட்டுவிட்டாள். ஊர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து மாமியார் கூப்பிட்டாள். குளம் பள்ளத்தில் ஏறிப் படுத்துவிட்டதாம், முதல் மழைக்கே பழைய உடம்பு வந்துவிட்டதாம், தண்ணி ரோஸ், வாத்து ரோஸ், எருமையும் ரோஸ், ஊரில் யாருக்கும் வருத்தம் இல்லை, திருப்பூர் போய்விட்டு வருகிறவர்கள் தலைக்குக் கலர் அடித்துக்கொண்டுதான் வருவார்கள், இதுவும் அப்படித்தான் என்கிறார்களாம்.

இதோடு முடிந்தது என்று மாராத்தாள் நினைத்தாள்.

பங்குனியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினார்கள். கம்பம் நட்டு அதற்கு வீட்டுக்கு வீடு கிணற்றுத் தண்ணி கொண்டுபோய் ஊற்றுவது அங்கே வழக்கம், மாராத்தாள் வீட்டுத் தண்ணியை, ஊரில் இருந்தவரை, சென்னியப்பன்தான் தூக்கிக்கொண்டு போவான். அவன் போனில், "இந்த வருசமும் லீவு இல்லம்மா, அடுத்த வருசம் கண்டிப்பா" என்றான். மாராத்தாள் அந்தப் போனைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்துதான் பேசினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் கிணறு இல்லை. கம்பி வலை மட்டும் தரையில் கிடந்தது. மற்றபடி மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, மட்டமான தரை, பெருக்கி விட்ட மாதிரி. மாராத்தாள் கூச்சல் போடவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தரையின் நடுவில் போய் நின்றாள். மணி அடித்தது.

"அம்மா" என்றான் சென்னியப்பன். "நம்ம கெணறு இங்க வந்துருச்சும்மா."

"எங்க?"

"ஷார்ஜாவுல, எங்க லேபர் கேம்ப்புக்கு முன்னாடி. பஸ்ஸு நிக்கிற எடத்துல. அதே கெணறுதான், அப்பா பேரு எழுதுன கல்லு இருக்குது. தண்ணி மேல வந்து நிக்குதும்மா, கையாலேயே தொடலாம். எங்க ரூம்ல எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க. ஒண்ணும்மா. உள்ள எட்டிக் கூப்பிட்டா எதிரொலி வரும்ல? இது உன்ற கொரல்ல வருது. 'கெணறே'ன்னு கூப்பிட்டேன். 'வேலைக்குப் போனியாடா'ன்னு கேக்குது."

மாராத்தாள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது பழைய பேச்சுடா. காதுல வாங்காத."

"என்ன பண்றதும்மா இதை? எங்க சூப்பர்வைசர் பாத்துட்டுப் போனான். பக்கத்து சைட்டுல தண்ணிக்கு ஆள் தேடறாங்களாம், சேத்து உடட்டுமான்னு கேக்கறான்."

"டேய்!" லைன் வீடு முழுக்க எழுந்து வெளியே வருகிற அளவுக்கு ஒரு கத்து. "அதை ஒரு வேலைக்கும் அனுப்பிப்போடாத. எவன் கேட்டாலும் லீவுல இருக்குதுன்னு சொல்லு. சும்மா கெடக்கட்டும். கேட்டியா? நீயும் சும்மா கெட."

"நானா? நான் என்னம்மா பண்றது?"

"உனக்குச் சொல்லித் தரணுமா? போனைக் கல்லு மேல வெச்சுட்டுக் குதி."

போனைக் கல்மேல் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் சிரித்தார்கள், யாரோ மலையாளத்தில் வேண்டாம் என்றார்கள். ஓடி வருகிற காலடி கேட்டது.

மாராத்தாள் மட்டமான தரையின் நடுவில் நின்றபடி, தண்ணி தெறிக்கும் என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு ரெண்டடி பின்னால் நகர்ந்தாள்.

தொபுக்கடீர்.